அமெரிக்க உள்நாட்டுப் போர் எப்போது முடிந்தது? ஊரிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் வர்ஜீனியாவில் ரிச்மண்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் வாஷிங்டன், நயாகரா எல்லாம் பார்த்து முடித்த பிறகு மிஞ்சுகிற ஒரு நாளில் அவர்களை உள்நாட்டுப் போர் முடிந்த ஊர் என்று பெயர் வாங்கிய அப்பமாட்டாக்ஸுக்குக் கூட்டிப் போவேன். மேற்கே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காரில் வரும் ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. போன முறை பெரியப்பா, 'இதையெல்லாம் எழுதி வெச்சுடேன், தொண்டைத் தண்ணி மிச்சம்' என்றார். அவரவர் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

யாருக்கும் யாருக்கும் சண்டை தம்பி? முதல்ல அதைச் சொல்லு.

அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும். அடிமை முறையைப் புதிய பகுதிகளுக்குப் பரவ விடக்கூடாது என்ற கட்சியின் வேட்பாளர் ஆபிரகாம் லிங்கன். அவர் 1860 தேர்தலில் ஜெயித்ததும் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மொத்தம் 11. தங்களுக்கென்று தனி அரசு அமைத்து, ஜெஃபர்சன் டேவிஸை ஜனாதிபதி ஆக்கினார்கள். சில மாதங்களில் ரிச்மண்ட் தலைநகர் ஆனது. 1861 ஏப்ரல் 12 அன்று தென் கரோலினாவின் சம்டர் கோட்டை மீது தெற்கின் பீரங்கிகள் சுட்டதில் போர் தொடங்கியது.

'அடிமை முறைக்காக இல்லை, மாநில உரிமைக்காகத்தான் பிரிந்தார்கள்' என்று இங்கேயே பலர் சொல்லக் கேட்பீர்கள். மிசிசிப்பி பிரியும்போது வெளியிட்ட அறிக்கையை எடுத்துப் படியுங்கள். அடிமை முறைதான் காரணம் என்று ஒளிவுமறைவு இல்லாமல் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. தெற்கின் அந்த அரசை வடக்கு ஒருநாளும் தனி நாடாக ஏற்கவில்லை. 'கலகக்காரர்கள்' என்றுதான் சொன்னது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

கடைசிச் சண்டை எது? ஒரே வரியில சொல்லுங்க, போதும்.

தேதிக் கணக்கில், 1865 மே 12, 13 நாட்களில் டெக்சாஸில் நடந்த பால்மிட்டோ ராஞ்ச். ஆனால் தெற்கின் முதுகை உடைத்தது ஒரு மாதம் முன்பு வர்ஜீனியாவில், பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கி அப்பமாட்டாக்ஸில் முடிந்த எட்டு ஒன்பது நாள் ஓட்டம். வினாடி வினாவுக்கு முதல் பதில். போரைப் புரிந்துகொள்ள இரண்டாவது.

1865 பொறக்கும்போதே தெற்கு தோத்துப்போச்சாமே. அப்புறம் எதுக்கு இழுத்தடிச்சாங்க?

தோல்வி கண்ணுக்குத் தெரிந்தது உண்மைதான். 1864 செப்டம்பரில் அட்லாண்டா விழுந்தது. அங்கிருந்து வடக்கின் தளபதி ஷெர்மன் வழியெல்லாம் ரயில் தண்டவாளங்களைப் பிடுங்கி நெருப்பில் வளைத்துக்கொண்டே கடற்கரைக்குப் போய், கிறிஸ்துமஸுக்கு முன் சவானா நகரைப் பிடித்தார். டிசம்பரில் நாஷ்வில்லில் தெற்கின் மேற்குப் படை சிதறியது. 1865 ஜனவரியில் ஃபிஷர் கோட்டை விழுந்ததும் வெளிநாட்டுச் சரக்கு வந்த கடைசிப் பெரிய துறைமுகமும் அடைபட்டது. சிப்பாய்களுக்கு வீட்டிலிருந்து 'பிள்ளைகளுக்குச் சாப்பாடில்லை, வந்துவிடு' என்று கடிதம் வரும். இரவோடு இரவாகக் கிளம்பிவிடுவார்கள்.

பேச்சுவார்த்தையும் நடந்தது. 1865 பிப்ரவரி 3 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸில் ஒரு நீராவிக் கப்பலில் லிங்கனே தெற்கின் மூன்று பிரதிநிதிகளைச் சந்தித்தார். டேவிஸ் 'இரண்டு நாடுகளுக்கு இடையே சமாதானம்' என்றார். லிங்கன் 'நமது ஒரே நாட்டு மக்களுக்குச் சமாதானம்' என்றார். அந்த ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நின்றது. சில மணி நேரத்தில் எழுந்து போய்விட்டார்கள்.

தெற்கு எவ்வளவு நெருக்கடியில் இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். மார்ச் 13 அன்று, அடிமைகளையே சிப்பாய்களாகச் சேர்க்கலாம் என்று அவர்களே சட்டம் போட்டார்கள். எதைக் காப்பாற்றப் போருக்கு வந்தார்களோ, அதிலேயே கை வைக்க வேண்டிய நிலை.

தலைநகர் ரிச்மண்ட்னா, பீட்டர்ஸ்பர்க்குல போய் ஏன் ஒன்பது மாசம் உட்கார்ந்தாங்க?

பீட்டர்ஸ்பர்க் ரிச்மண்டுக்குத் தெற்கே சுமார் 25 மைல். தெற்கிலிருந்து வரும் ரயில் பாதைகள் அங்கேதான் கூடின. சமையற்கட்டுக்கு வரும் குழாயை மூடிவிட்டால் வீட்டுக்காரர் தானே வெளியே வருவார் என்ற கணக்கு. வடக்கின் தலைமைத் தளபதி யுலிசீஸ் கிராண்ட் 1864 ஜூனில் அங்கே வந்து, ஒவ்வொரு பாதையாக அறுத்துக்கொண்டே மேற்கு நோக்கி நகர்ந்தார். எதிரே தெற்கின் தளபதி ராபர்ட் ஈ. லீ. பதுங்கு குழிகள் 30 மைலுக்கு மேல் நீண்டன. கிராண்டிடம் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள், லீயிடம் அதில் பாதி. வேட்டியை எவ்வளவுதான் இழுத்துக் கட்டினாலும் ஓரிடத்தில் கிழியத்தானே வேண்டும்.

மார்ச் 25 விடியற்காலையில் லீ ஸ்டெட்மன் கோட்டை மீது ஒரு கடைசிப் பாய்ச்சல் பாய்ந்தார். சில மணி நேரம் கையில் இருந்தது, பிறகு போய்விட்டது. லீ தாக்கியது அதோடு ஏறக்குறைய சரி. அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் தப்பிக்கும் முயற்சிதான்.

தளபதி மீன் சாப்பிடப் போனதால சண்டை தோத்துதுன்னு யூடியூப்ல பார்த்தேன். கதை விடுறாங்களா?

மீன் நிஜம். ஏப்ரல் 1 அன்று ஃபைவ் ஃபோர்க்ஸ் என்ற ஐந்து சாலைச் சந்திப்பைக் காக்க வேண்டியவர் ஜார்ஜ் பிக்கெட். 'என்ன ஆனாலும் விடாதே' என்பது லீயின் உத்தரவு. மதியம் பிக்கெட்டும், லீயின் அண்ணன் மகன் ஃபிட்ஸ்ஹ்யூ லீயும் பின்னால் ஒரு ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு தளபதி கொடுத்த 'ஷாட்' மீன் விருந்துக்குப் போய்விட்டார்கள். நம் உள்ளம் மீனுக்குச் சொந்தக்கார மீன் அது. முள் அதிகம், ருசியும் அதிகம். எங்கே இருப்போம் என்று கீழே உள்ளவர்களிடம் சரியாகச் சொல்லவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வடக்கின் ஷெரிடன் தாக்கினார். பிக்கெட் ஓடி வருவதற்குள் வரிசை உடைந்துவிட்டது.

ஆனால் அதனால்தான் தோற்றார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதிரே வந்த படை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிக்கெட் சாப்பிடாமல் இருந்திருந்தால் இன்னும் ஒழுங்காகத் தோற்றிருப்பார், அவ்வளவுதான்.

இடையில் ஒரு சொல்: ஷெரிடன் வேறு, ஷெர்மன் வேறு. இருவரும் வடக்கு. ஷெரிடன் இங்கே வர்ஜீனியாவில் குதிரைப்படையோடு. ஷெர்மன் அப்போது வட கரோலினாவில். அதேபோல ஜான்ஸ்டன் தெற்கின் தளபதி, ஜான்சன் லிங்கனுக்குப் பின் ஜனாதிபதி ஆனவர். என் சித்தப்பா நாள் முழுக்க இதைக் குழப்பிக்கொண்டிருந்தார்.

ரிச்மண்டை எரிச்சது வடக்குக்காரங்கதானே?

இல்லை. மறுநாள் ஏப்ரல் 2 ஞாயிறு. கிராண்ட் பீட்டர்ஸ்பர்க் வரிசை முழுக்கத் தாக்கினார். தேவாலயத்தில் உட்கார்ந்திருந்த டேவிஸின் கைக்கு லீயின் தந்தி வந்தது: நகரைக் காலி செய்ய வேண்டும். அன்று இரவு அரசாங்கம் ரயிலேறி டான்வில் போனது. போகும்போது, எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்று புகையிலைக் கிடங்குகளுக்குத் தெற்கின் படையே தீ வைத்தது. காற்று அடித்தது, வெடிமருந்துச் சாலை வெடித்தது, வணிகப் பகுதி பெரும்பாலும் சாம்பல். காலையில் நகருக்குள் வந்த வடக்குப் படைதான் தீயை அணைத்தது. அதில் கறுப்பினச் சிப்பாய்களும் இருந்தார்கள். சிலருக்கு அது தப்பி ஓடி வந்த ஊர்.

ஏப்ரல் 4 அன்று லிங்கன் தன் சின்ன மகன் டாடின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருக்களில் நடந்தார். விடுதலை பெற்ற மக்கள் சூழ்ந்துகொண்டார்கள். டேவிஸ் காலி செய்துபோன வீட்டுக்குப் போய், அவருடைய நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தார். அந்த வீடு இன்றும் ரிச்மண்டில் இருக்கிறது, டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம்.

சரி, லீ ஊரை விட்டுட்டு எங்க போகப் பார்த்தார்?

தெற்கே வட கரோலினாவுக்கு. அங்கே ஜோசப் ஜான்ஸ்டன் ஒரு சிறிய படையை வைத்துக்கொண்டு ஷெர்மனைத் தடுத்துக்கொண்டிருந்தார். மார்ச் 19 முதல் 21 வரை பென்டன்வில்லில் சுமார் 20,000 பேரோடு, மூன்று மடங்கு பெரிய படையின் ஒரு பக்கத்தை அடித்துப் பார்த்துத் தோற்றிருந்தார். இருவரும் சேர்ந்தால் ஏதாவது செய்யலாம் என்பது லீயின் நினைப்பு. அதற்கு டான்வில் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

முதல் அடி எதிரியால் விழவில்லை, சோற்றால் விழுந்தது. ஏப்ரல் 4 அன்று அமேலியா கோர்ட் ஹவுஸ் என்ற ஊருக்கு வந்தார்கள். அங்கே ரேஷன் காத்திருக்கும் என்று நம்பி லீ ரயில் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். உள்ளே வெடிமருந்து. சாப்பிட ஒன்றும் இல்லை. யார் தவறு என்று இன்றுவரை தகராறு ஓயவில்லை. சுற்றுவட்டாரப் பண்ணைகளில் தானியம் கேட்டு வண்டிகளை அனுப்பி ஒரு நாள் காத்திருந்தார். வண்டிகள் காலியாகவே திரும்பின. அந்த ஒரு நாளில் ஷெரிடன் முந்திக்கொண்டு போய் ஜெட்டர்ஸ்வில்லில் ரயில் பாதையை மறித்துவிட்டார். அப்புறம் தெற்கே போக வழியில்லை, மேற்கே திரும்பினார்கள். ராத்திரி முழுக்க நடை. குதிரைக்கு வைத்திருந்த சோளத்தை வறுத்துத் தின்றார்கள். வழியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 6 அன்று சேலர்ஸ் க்ரீக் என்ற ஓடைக்கரையில் வரிசை அறுந்தது. ஒரே மாலையில் ஏறத்தாழ 7,700 பேர் போனார்கள், பெரும்பாலும் கைதிகளாக. எட்டு தளபதிகள் பிடிபட்டார்கள், அதில் ஒருவர் லீயின் மூத்த மகன். மேட்டில் நின்று ஓடி வரும் கூட்டத்தைப் பார்த்த லீ, 'கடவுளே, படை கரைந்துவிட்டதா?' என்று கேட்டாராம். நான் கூட்டிப் போகும் ஆட்கள் அப்பமாட்டாக்ஸ் வீட்டைத்தான் படம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் வழியில் அந்த ஓடையில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். போர் அங்கேதான் முடிந்தது, கையெழுத்து மட்டும் மூன்று நாள் கழித்து.

அப்பமாட்டாக்ஸ் கோர்ட்டுலதானே சரணடைஞ்சார்? பேரே கோர்ட் ஹவுஸ்னு இருக்கே.

'அப்பமாட்டாக்ஸ் கோர்ட் ஹவுஸ்' என்பது ஊரின் பெயர். வர்ஜீனியாவில் மாவட்டத் தலையூருக்கு அப்படிப் பெயர் வைப்பது வழக்கம். மேலே அமேலியா கோர்ட் ஹவுஸ் வந்ததே, அதுபோல. நீதிமன்றக் கட்டடம் நடுவில் இருக்கிறது. அன்று குருத்தோலை ஞாயிறு, பூட்டிக்கிடந்தது. சந்திப்பு நடந்தது வில்மர் மக்லீன் என்ற வியாபாரியின் வீட்டு முன்னறையில்.

இந்த மக்லீன் கதை எல்லோருக்கும் பிடிக்கும். 1861-ல் போரின் முதல் பெரிய சண்டையான புல் ரன் அவருடைய பண்ணைப் பக்கத்திலேயே நடந்தது. அவர் வீட்டுச் சமையலறையில் குண்டு விழுந்தது. பிறகு இந்த மூலைக்குக் குடிவந்தார், போர் இங்கேயும் வந்து அவர் வீட்டிலேயே முடிந்தது. 'சண்டை வேண்டாமென்று ஓடி வந்தவர்' என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். ராணுவத்துக்குச் சர்க்கரை விற்றுக் காசு பார்க்க இந்த ஊர் வசதி என்பதும் ஒரு காரணம். இப்போது நீங்கள் பார்க்கும் வீடு அசல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1893-ல் வாஷிங்டனில் காட்சிக்கு வைக்கலாம் என்று செங்கல் செங்கலாகப் பிரித்தார்கள், பணம் இல்லாமல் அப்படியே கிடந்தது. பின்னால் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள்.

அன்னைக்குக் காலையில சண்டை நடந்துச்சா, இல்ல நேரா பேச்சுதானா?

நடந்தது. முந்தின நாள் மாலையே வடக்கின் தளபதி கஸ்டரின் குதிரைப்படை ரயில் நிலையத்தில் லீக்கு வந்திருந்த உணவு ரயில்களைப் பிடித்துவிட்டது. ஏப்ரல் 9 விடியலில் ஜான் கோர்டன் தலைமையில் தெற்குப் படை கடைசியாக ஒருமுறை மோதியது. எதிரே குதிரைப்படை மட்டும் என்று நினைத்தார்கள், அதைத் தள்ளவும் செய்தார்கள். மேட்டில் ஏறிப் பார்த்தால் வடக்கின் நீலச் சட்டைக் காலாட்படை வரிசை வரிசையாக நிற்கிறது. இரவெல்லாம் நடந்து வந்தவர்கள், அவர்களில் கறுப்பினப் படைப்பிரிவுகளும் உண்டு. அதோடு முடிந்தது. சண்டை நிறுத்தம் கேட்டுப் போனவர் கையில் முறையான வெள்ளைக் கொடிகூட இல்லை, வெள்ளைத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார். அந்தத் துண்டில் ஒரு பகுதி இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

'படையைக் கலைத்து காட்டுக்குள் அனுப்பி மறைந்திருந்து அடிக்கலாம்' என்று போர்ட்டர் அலெக்சாண்டர் என்ற இளம் தளபதி யோசனை சொன்னார். லீ மறுத்தார். பசித்த ஆட்கள் கொள்ளைக்காரர்களாக மாறுவார்கள், நாடு தேறப் பல ஆண்டுகள் ஆகும் என்றார். லீயை நான் பெரிய மகானாக நினைப்பவன் இல்லை. ஆனால் இந்த ஒரு 'வேண்டாம்' எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று கணக்குப் போடவே முடியாது.

லீ வாளைக் கழட்டிக் கொடுத்தாரா? படத்துல அப்படித்தானே வரைஞ்சிருக்காங்க.

கொடுக்கவில்லை, கிராண்டும் கேட்கவில்லை. அது வெறும் கற்பனை என்று கிராண்டே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். லீ புது உடுப்பில், இடுப்பில் நல்ல வாளோடு வந்தார். கிராண்ட் சேறு தெறித்த சாதாரண சிப்பாய்ச் சட்டையில். முந்தின இரவெல்லாம் கிராண்டுக்கு ஒற்றைத் தலைவலி, லீயின் கடிதத்தைப் பார்த்ததும் பறந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்.

நிபந்தனைகள் எளிமையானவை. ஆயுதத்தை ஒப்படைத்து, இனி சண்டையிட மாட்டோம் என்று கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதிகாரிகள் கைத்துப்பாக்கி, வாள், சொந்தக் குதிரையை வைத்துக்கொள்ளலாம். லீ ஒன்று கேட்டார்: எங்கள் பக்கம் சாதாரணச் சிப்பாய்களும் சொந்தக் குதிரையோடு வந்தவர்கள். விதைப்புக் காலம் ஆகையால் அவரவர் குதிரையையும் கோவேறு கழுதையையும் கொண்டுபோகட்டும் என்று கிராண்ட் விட்டுவிட்டார். 25,000 பேருக்குச் சாப்பாடும் அனுப்பினார். விடுதலைச் சீட்டு வாங்கியவர்கள் சுமார் 28,000. நிபந்தனையை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவர் ஈலி பார்க்கர், கிராண்டின் உதவியாளர், செனெக்கா பழங்குடியைச் சேர்ந்தவர்.

அவர்கள் எழுந்து போனதும் அறையில் இருந்த சாமான்களுக்கு அடிதடி. கிராண்ட் எழுதிய சின்ன மேசையை ஷெரிடன் 20 டாலர் தங்கக் காசு கொடுத்து வாங்கி, கஸ்டரின் மனைவிக்குப் பரிசாக அனுப்பினார். வீட்டுக்காரர் சில சாமான்களுக்குக் காசு பார்த்தார், சிலவற்றுக்கு அதுவும் இல்லை.

இவ்வளவு பேர் சாகக் காரணமானவரைத் தூக்குல போடலையா?

போடவில்லை. 1865 ஜூனில் லீ மீது தேசத் துரோக வழக்குப் பதிவானது. 'நான் கொடுத்த வாக்கு அந்தச் சீட்டு, அதை மீறினால் பதவி விலகுவேன்' என்று கிராண்ட் நின்றுவிட்டார். வழக்கு அப்படியே ஓய்ந்தது. லீ ஒரு கல்லூரித் தலைவராகி 1870-ல் இறந்தார். டேவிஸ் மே 10 அன்று ஜார்ஜியாவில் பிடிபட்டு இரண்டு ஆண்டு கோட்டைச் சிறையில் இருந்தார், விசாரணையே நடக்காமல் வெளியே வந்தார். தூக்கிலேறியவர்களில் பெயர் தெரிந்தவர் ஹென்றி விர்ஸ். அவர் நடத்திய ஆண்டர்சன்வில் கைதி முகாமில் சுமார் 45,000 கைதிகளில் 13,000 பேர் பசியிலும் நோயிலும் செத்தார்கள்.

லீ சரணடைஞ்சாச்சு. அப்புறமும் மத்தவங்க ஏன் சண்டை போட்டாங்க?

முதல் பதிலில் ஞாபகம் வைக்கச் சொன்னது இங்கேதான் வருகிறது. இரண்டு நாடுகள் என்றால் அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் ஒப்பந்தம் போட்டு, ஒரே நாளில் எல்லாப் படையும் நிறுத்தும். வடக்கு அந்த அரசையே ஏற்காதபோது யாரோடு ஒப்பந்தம்? லீயும் தெற்கு முழுவதையும் சரணடைய வைக்கவில்லை, தன் கையில் இருந்த படையை மட்டும்தான். மற்ற ஒவ்வொரு தளபதியும் தனித்தனியாக வந்து கொடுக்க வேண்டியிருந்தது.

அதனால் லீ கையெழுத்திட்ட அதே ஏப்ரல் 9 மாலை, அலபாமாவில் பிளேக்லி கோட்டையைப் பல ஆயிரம் பேர் தாக்கிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 16 ஈஸ்டர் ஞாயிறு இரவு ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரில் பாலத்துக்காகச் சண்டை. பெரிய அளவில் நடந்த கடைசிச் சண்டை இதுதான் என்பார்கள் சிலர். ஏப்ரல் 26 அன்று இன்றைய டர்ஹம் பக்கத்தில், பென்னட் என்ற விவசாயி வீட்டில் ஜான்ஸ்டன் ஷெர்மனிடம் சரணடைந்தார். நான்கு மாநிலப் படைகளும் சேர்த்து ஏறத்தாழ 90,000 பேர், லீயோடு இருந்ததைப் போல மூன்று மடங்கு. ஆனால் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரிதான். மே 4 அன்று அலபாமாவில் தெற்கின் இன்னொரு தளபதி ரிச்சர்ட் டெய்லரும் சரணடைந்தார்.

நடுவுல லிங்கனைச் சுட்டுட்டாங்களே. பழிக்குப் பழின்னு கிளம்பலையா?

கிளம்பியிருக்கும். ஏப்ரல் 14 பெரிய வெள்ளியன்று இரவு சுட்டார்கள், மறுநாள் காலை இறந்தார். ஷெர்மனுக்குத் தந்தி வந்தது 17-ஆம் தேதி, ஜான்ஸ்டனைச் சந்திக்க ரயிலேறும் நேரத்தில். தந்திக்காரரிடம் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டு, ஜான்ஸ்டனிடம் தனியாகக் காட்டினார். ஜான்ஸ்டனுக்கு நெற்றியில் வியர்வை கொட்டியது என்று ஷெர்மன் எழுதுகிறார்.

அந்தப் பதற்றத்தில் ஷெர்மன் அளவுக்கு மீறித் தாராளமாகி, தென் மாநில அரசாங்கங்கள் தொடரலாம் என்பதுவரை எழுதிக் கொடுத்துவிட்டார். வாஷிங்டன் கிழித்துப் போட்டது. கிராண்டே நேரில் வந்து, லீக்குக் கொடுத்த அதே நிபந்தனைதான் என்றார். 'குதிரைப்படையோடு தப்பி வா' என்று டேவிஸ் உத்தரவு போட்டும் ஜான்ஸ்டன் அதைக் காதில் வாங்காமல் கையெழுத்திட்டார்.

டெக்சாஸ்ல சேதி தெரியாமலே சண்டை போட்டாங்களாமே, பாவம்.

தெரியும். மே மாதத் தொடக்கத்திலேயே ஒரு நீராவிப் படகிலிருந்து யாரோ வீசிய செய்தித்தாளில் லீயின் சரணடைவு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டுப் பலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீதி இருந்தவர்களும் வடக்குப் படையும் இந்த மூலையில் சும்மா உயிர் விட வேண்டாம் என்று வாய்மொழியாக ஒத்துக்கொண்டு இருந்தார்கள்.

பிறகு ஏன்? வடக்கின் கர்னல் தியோடர் பாரெட் மே 12 அன்று திடீரென்று பிரவுன்ஸ்வில் நோக்கிச் சுமார் 300 பேரை அனுப்பினார். சண்டையே பார்க்காதவர், போர் முடிவதற்குள் பெயர் வாங்க ஆசைப்பட்டார் என்பது ஒரு பேச்சு. அங்கே குவிந்திருந்த பஞ்சு மூட்டைகள்தான் காரணம் என்பது இன்னொன்று. மறுநாள் 'ரிப்' ஃபோர்டு தலைமையில் தெற்கின் குதிரைப்படையும் பீரங்கிகளும் அவர்களைக் கடற்கரைவரை விரட்டின. நூறு பேர் வரை பிடிபட்டார்கள். போரின் கடைசிச் சண்டையில் ஜெயித்தது தோற்ற பக்கம். அன்று இறந்த இந்தியானா சிப்பாய் ஜான் வில்லியம்ஸ்தான் போர்க்களத்தில் விழுந்த கடைசி ஆள் என்று கணக்கு.

கடைசியா சரணடைஞ்ச தளபதி செவ்விந்தியராமே?

ஆமாம், ஸ்டாண்ட் வாட்டி. செரோக்கி இனத் தலைவர், தெற்கின் பக்கம் நின்றவர், தானே அடிமைகளை வைத்திருந்தவர். டெக்சாஸ் உட்பட மிசிசிப்பிக்கு மேற்கே இருந்த படை ஜூன் 2 அன்று முறைப்படி முடிந்த பிறகும் மூன்று வாரம் தாக்குப்பிடித்து, ஜூன் 23 அன்று இன்றைய ஓக்லஹோமாவில் ஆயுதம் ஒப்படைத்தார். செரோக்கி மக்களுக்குள்ளேயே வடக்கு, தெற்கு என்று ஒரு போர் தனியாக நடந்தது. மேலே சொன்ன செனெக்கா பழங்குடிக்காரர் பார்க்கர் வடக்கின் பக்கம்.

கடல்ல ஒரு கப்பல் மட்டும் நவம்பர் வரைக்கும் போர் பண்ணுச்சுன்னு பையன் சொல்றான்.

பையன் பாதி சரி. ஷெனண்டோவா என்ற தெற்கின் கப்பல், ஜேம்ஸ் வாடெல் தலைமையில் அலாஸ்காவுக்கு அந்தப் பக்கம் பேரிங் கடலில் வடக்கின் திமிங்கில வேட்டைக் கப்பல்களை ஜூன் மாதம் எரித்துக்கொண்டிருந்தது. பிடித்த ஒரு கப்பலில் இருந்த செய்தித்தாளில் லீ சரணடைந்த செய்தி இருந்தது. அதே தாளில் 'போர் தொடரும்' என்ற டேவிஸின் அறிக்கையும் இருந்தது. வாடெல் இரண்டாவதை நம்ப விரும்பினார்.

ஆகஸ்ட் 2 அன்று ஒரு பிரிட்டிஷ் கப்பல் உண்மையைச் சொன்னதும் பீரங்கிகளை உள்ளே இறக்கிவிட்டார். அமெரிக்காவுக்குப் போனால் கடற்கொள்ளையர் என்று தூக்கு. அதனால் தென் அமெரிக்க முனையைச் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் லிவர்பூல் போய் நவம்பர் 6 அன்று பிரிட்டனிடம் கப்பலை ஒப்படைத்தார். தெற்கின் கொடி கடைசியாக இறங்கியது ஓர் ஆங்கிலேயத் துறைமுகத்தில். கப்பலைப் பிறகு சான்சிபார் சுல்தான் வாங்கினார்.

அப்போ சட்டப்படி எந்த நாள்?

ஒப்பந்தம் இல்லாததால் அதையும் ஜனாதிபதிதான் அறிவிக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ரூ ஜான்சன் 1866 ஏப்ரல் 2 அன்று டெக்சாஸ் தவிர எல்லா இடத்திலும் கலகம் முடிந்தது என்றார், ஆகஸ்ட் 20 அன்று டெக்சாஸிலும். 1872-ல் உச்ச நீதிமன்றம் இந்தத் தேதிகளையே எடுத்துக்கொண்டது. கடைசிக் குண்டு வெடித்து ஓர் ஆண்டுக்கு மேல்!

அடிமைகளை 1863-லயே விடுவிச்சாச்சே. அப்புறம் ஜூன் 19 லீவு எதுக்கு?

ரிச்மண்ட் அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது இது. லிங்கனின் 1863 ஜனவரி 1 அறிவிப்பு தெற்கின் பிடியில் இருந்த பகுதிகளுக்குத்தான். அதாவது வடக்குப் படை எங்கே போய் நின்றதோ அங்கேதான் அது உயிர் பெற்றது. டெக்சாஸுக்குப் படை போனது 1865 ஜூனில். 19-ஆம் தேதி கால்வெஸ்டனில் தளபதி கோர்டன் கிரேஞ்சர் 'அடிமைகள் அனைவரும் சுதந்திரர்' என்ற ஆணையை வெளியிட்டார். 2021 முதல் அது நாடு முழுவதும் விடுமுறை. இன்னும் நாட்டில் எங்கும் அடிமை முறை கூடாது என்ற 13-வது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1865 டிசம்பரில்தான்.

மொத்தம் எத்தனை பேர் செத்திருப்பாங்க?

நெடுநாள் 6.2 லட்சம் என்றார்கள். மக்கள் தொகைக் கணக்கை வைத்துப் பின்னால் திருத்தியவர்கள் 7 லட்சத்தை ஒட்டியும், 7.5 லட்சம் வரையும் சொல்கிறார்கள். மூன்றில் இரண்டு பேர் குண்டால் சாகவில்லை, பேதியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். ஏப்ரல் 27 அன்று சுல்தானா என்ற நீராவிப் படகு கொதிகலன் வெடித்து மிசிசிப்பி ஆற்றில் முழுகியதில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். ஆண்டர்சன்வில் போன்ற முகாம்களில் பிழைத்து வீடு திரும்பிக்கொண்டிருந்த கைதிகள் பெரும்பாலும்.

இதுக்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, பஞ்சு. பிரிட்டன் ஆலைகளுக்குத் தெற்கின் பஞ்சுதான் மூலப்பொருள். வடக்குக் கடற்படை துறைமுகங்களை அடைத்ததும் லங்காஷயரில் தறிகள் நின்றன, வியாபாரிகள் இந்தியப் பக்கம் ஓடினார்கள். பம்பாய் வழியாக மேற்கு இந்தியாவின் பஞ்சும், தூத்துக்குடி வழியாகத் திருநெல்வேலிக் கரிசல் பஞ்சும் போயின. 'டின்னவெல்லி' என்பது லிவர்பூல் சந்தையில் ஒரு பஞ்சு ரகத்தின் பெயராகவே இருந்தது. விலை பல மடங்கு ஏறியது. லீ சரணடைந்தது தெரிந்ததும் விலை விழுந்தது. பம்பாயில் பங்குச் சந்தை கவிழ்ந்து, பஞ்சு ராஜாவாக இருந்த பிரேம்சந்த் ராய்சந்த் போன்றவர்களே திவால். கோவில்பட்டிக்காரரான என் பெரியப்பா இதைக் கேட்ட பிறகுதான் காரில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த ஊர்ல சாதாரண ஜனங்க யாரும் சாகலையா?

இதைக் கேட்டது என் அத்தை, கிளம்பும் நேரத்தில். ஒருவர் உண்டு. ஹன்னா ரெனால்ட்ஸ், டாக்டர் ஒருவர் வீட்டில் அடிமையாக இருந்தவர். வீட்டுக்காரர்கள் சண்டைக்குப் பயந்து வெளியேறிவிட, அவர் வீட்டில் இருந்தார். ஏப்ரல் 9 காலையில் பீரங்கிக் குண்டு ஒன்று சுவரைத் துளைத்து வந்து அவர் கையைப் பிய்த்தது. அன்றே இறந்தார், அதாவது அடிமையாகவே இறந்தார் என்றுதான் நெடுநாள் சொல்லி வந்தார்கள். பிறகு பழைய இறப்புப் பதிவேட்டைப் பார்த்தபோது தேதி ஏப்ரல் 12 என்று இருந்தது.